வேலாண்டியின் மூங்கில் தட்டி

பூவரசங்காட்டில் ஒரே ஒரு கூண்டு வண்டிதான் இருந்தது. இரண்டு காட்டெருமைகள் அதை இழுக்கும். வேலாண்டி என்ற கரடி அதை ஓட்டும்.

சும்மா சொல்லக்கூடாது, வேலாண்டி கெட்டிக்கார வண்டிக்காரன். மலைப்பாதையில் எத்தனை மேடு, எத்தனை பள்ளம்! பத்து வருஷத்தில் ஒருநாள்கூட வண்டி குடை சாய்ந்ததில்லை. பிள்ளைத்தாச்சி மான்கூட அதில் ஏறி நிம்மதியாகத் தூங்கும்.

வேலாண்டி உட்காரும் இடத்தைச் சுற்றி வெயிலுக்காக மூங்கில் தட்டி கட்டியிருந்தது. அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டால், தன் குகைக்குள் இருப்பதாகவே அதற்கு நினைப்பு.

அந்தக் காட்டின் மலையுச்சியில் ஒரு சாமிக்கல் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை அடிவாரச் சுனையிலிருந்து தண்ணீர் கொண்டுபோய் அதற்கு ஊற்றுவார்கள். மிஞ்சியதைத் தீர்த்தமாக எல்லோரும் குடிப்பார்கள். தண்ணீர் கொண்டுவந்தவருக்குத்தான் முதல் மாலை. இத்தனை வருஷமும் யானைத் தலைவர் அங்கமுத்துதான் சுமந்தார். அந்த வருஷம் அவருக்கு முழங்கால் வலி.

"வேலாண்டி வண்டியில் கொண்டுவரட்டும். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று வண்டி நிற்கும் இடத்தில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார் தலைவர்.

வேலாண்டி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. முயல் பூரணி மட்டும் மெதுவாக முன்னே வந்தாள்.

"தலைவரே, அண்ணன் வண்டி ஓட்டுறதுல ஒரு குறையும் இல்ல. ஆனா அவர் கொண்டுவர்ற தண்ணிய என் பிள்ளைங்களுக்குக் குடுக்க எனக்கு மனசு வரல."

"ஏன்மா? நான் என்ன செஞ்சேன்?"

"மூக்கைக் குடைஞ்ச விரலை நீங்க கழுவி நான் ஒருநாளும் பார்த்ததில்ல, அண்ணே!"

"நான் மூக்கைக் குடைஞ்சத நீ எப்படிப் பார்த்த? நான்தான் தட்டிக்குள்ள இருக்கேனே!"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. "அந்த விரலை எங்க துடைக்கிறீங்கன்னு என் வாலைக் கேளுங்க!" என்றது வலப்பக்கத்துக் காட்டெருமை.

குரங்கு சடையன் துள்ளி எழுந்தான். "அண்ணே, நீங்க கொஞ்சம் பாதையில நில்லுங்க! நான் நீங்களா உட்கார்றேன்!"

தட்டிக்குள் உட்கார்ந்த சடையன் மூக்கில் விரலை விட்டுக் குடைந்தான். உருட்டினான். எருமை வாலில் துடைத்தான். அதே கையால் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டான். மூங்கில் இடுக்கு வழியே எல்லாம் பளிச்சென்று தெரிந்தது! கடைசியில், திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே 'புளிச்' என்று துப்பினான். அது நேராக வேலாண்டியின் காலில் விழுந்தது.

"அடச்சீ! இங்க ஆள் நிக்கிறது கண்ணுக்குத் தெரியல?"

"நீங்க மட்டும் என்னைக்கு அண்ணே பார்த்துத் துப்புனீங்க?"

வேலாண்டிக்குச் சுருக்கென்றது. பூரணி தன் குட்டிகளோடு தினமும் வண்டிக்குக் காத்து நிற்பது அதே இடத்தில்தான்! தன் கையாலேயே அந்தத் தட்டியை அவிழ்த்துக் கீழே வைத்தது.

"தலைவரே, வழி நெடுக நான் துப்பின கறை கிடக்கு. திருநாளுக்கு மூணு நாள் இருக்கு. எல்லாத்தையும் கழுவிட்டு வந்து உங்ககிட்ட கேக்குறேன்."

சொன்னபடியே செய்தது. தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பாறையாகத் தேய்த்தது. மூக்கணாங்கயிறும் எருமை வாலும்கூடப் பளபளத்தன. தலைவர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சரியென்று தும்பிக்கையை ஆட்டினார்.

திருநாளன்று குடங்களை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. பாதையின் இருபக்கமும் காடே திரண்டு நின்றது. மூன்றாவது வளைவில் ஏறும்போது வேலாண்டிக்கு மூக்கு நமநமவென்று அரித்தது. மூக்கு இப்படியும் அப்படியும் நெளிந்தது. பார்த்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஹோ... ஹோ!" வேலாண்டி வண்டியை நிறுத்திக் கீழே இறங்கியது. புதருக்குப் பின்னால் போய் இலையால் மூக்கைத் துடைத்தது. ஓடையில் இரண்டு தடவை கை கழுவியது.

"நேரமாகுதே, அண்ணே!" என்றது காட்டெருமை.

"ஆகட்டும்டா. நல்ல தண்ணிக்குச் சாமி காத்திருக்கும்."

மலையுச்சியில் சாமிக்கு ஊற்றி முடிந்ததும் பூரணிதான் முதலில் கையை நீட்டினாள். வாங்கிய தண்ணீரைக் கடைக்குட்டியின் வாயருகே கொண்டுபோனாள். "குடி கண்ணு! நம்ம வேலாண்டி மாமா கொண்டுவந்தது!" என்றாள்.

கழுத்தில் மாலை விழுந்ததை வேலாண்டி கவனிக்கவே இல்லை. அந்தக் குட்டி மடக் மடக்கென்று குடிப்பதைப் பார்த்தபடி நின்றது. பத்து வருஷம் வண்டி ஓட்டியும் வராத பெருமை அன்றைக்கு அதன் நெஞ்சை நிறைத்தது.

வண்டியைச் சாயாமல் ஓட்டினால் மட்டும் போதாது. நாலு பேர் பார்க்க உட்கார்ந்து ஓட்டுகிறவர் சுத்தத்தையும் மரியாதையையும் கைவிடாமல் இருந்தால்தான் அது உண்மையான பெருமை.