முதலில் படிந்த ஈஸ்ட்

பாரிஸுக்கு வெளியே ஒரு புறநகரில், புதுச்சேரியிலிருந்து வந்து குடியேறிய பிலோமினா வீட்டிலேயே பீர் காய்ச்சினார். அங்கே அதற்குத் தடையில்லை. ஊரில் கணக்கு டீச்சராக இருந்தவர். கற்றுக்கொள்ள நாலு பேர் வரத் தொடங்கியதும் நம் சனங்கள் கிண்டலாக அவரைக் குரு என்றார்கள். கிண்டல் போய்விட்டது, குரு நிலைத்துவிட்டது.

அந்த நாலு பேரில் மிஞ்சியவர் அந்துவான் ஒருவர்தான். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குருவைவிட ஏழு வயது மூத்தவர். ஆனாலும் குரு நிற்கும்போது உட்காரமாட்டார். பன்னிரண்டு வருடமாகச் சீடர்.

குருவின் சொத்து என்றால் ஒரு கண்ணாடி ஜாடி. அதில் ஈஸ்ட் இருந்தது. பார்லிக் கஷாயத்தின் இனிப்பைத் தின்று அதை பீராக மாற்றுவது ஈஸ்ட்தான். பிறகு பானையின் அடியில் வெள்ளைச் சேறாகப் படியும். அதை எடுத்துக் கழுவிப் பத்திரப்படுத்தி அடுத்த பானையில் விட்டால் மறுபடியும் வேலை செய்யும். இப்படியே பதினெட்டு வருடமாக ஒரே ஈஸ்ட் பானைக்குப் பானை வந்துகொண்டிருந்தது.

வரும் செப்டம்பரில் குரு புதுச்சேரிக்கே திரும்புகிறார். ஜாடி அந்துவானுக்கு என்று முடிவாகிவிட்டது. அந்த ஜாடிக்காகத்தான் மனிதர் பன்னிரண்டு வருடம் பானை கழுவினார் என்று சொன்னால் அவரே மறுக்கமாட்டார்.

ஆகஸ்டில் ஒரு காலை, அந்துவான் டம்ளரைக் கீழே வைத்தார்.

"டீச்சர், இதுவும் இனிக்குது."

குரு வாங்கிக் குடித்துப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் முன்னால் வந்த காய்ச்சலில் அவருக்கு நாக்கும் மூக்கும் போய்விட்டன. அதிலிருந்து ருசி பார்ப்பது அந்துவான் வேலை.

"எத்தனாவது பானை?"

"நாலாவது. ஈஸ்ட் பாதியிலயே நின்னுடுது. மிச்ச இனிப்பு பாட்டிலுக்குள்ள பொங்கி, போன வாரம் ரெண்டு பாட்டில் வெடிச்சிருச்சு. நான் என்ன தப்பு பண்ணினேன், டீச்சர்?"

குரு குளிர்பெட்டியிலிருந்து ஜாடியை எடுத்தார். எல்லாம் கலந்து பாலாகும்வரை குலுக்கி மேஜைமேல் வைத்தார்.

"பாருங்க."

பத்து நிமிடம் பார்த்தார்கள். ஒரு பங்கு அடியில் கெட்டியாகப் படிந்தது. மீதி மேலே கலங்கியபடியே நின்றது.

"இதுல நாம எதை எடுத்து வப்போம், அண்ணே?"

"அடியில இருக்கறதை. நாலாம் நாளே எடுத்துடுவோம், முதல்ல படிஞ்சதை மட்டும்."

"மேல மிதக்கறதை?"

"பாட்டில்ல ஊத்தறப்போ வடிச்சுத் தொட்டியில கொட்டிடுவேன். அது பீரைக் கலக்கும்னு நீங்கதானே..."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

தெளிந்த பீர்மேல் குருவுக்கு அப்படி ஒரு பைத்தியம். டம்ளருக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடிகாரத்தில் மணி தெரிய வேண்டும். வருகிறவர்களும் அதைத்தான் புகழ்ந்தார்கள். புகழ்ச்சி அவரையும் விட்டுவைக்கவில்லை.

"முதல்ல படியறது எது தெரியுமா, அண்ணே? இனிப்பு தீர்றதுக்கு முன்னாடியே போதும்னு படுத்துக்கறது. கடைசி சொட்டு வரைக்கும் மிதந்து வேலை செய்யறதை நாம கொட்டிட்டோம். படுத்துக்கறதோட பிள்ளைங்களையே பதினெட்டு வருஷமா சேர்த்து வச்சிருக்கோம்."

அந்துவான் ஜாடியையே பார்த்தார்.

"நீங்க தப்பே பண்ணல. நான் சொன்னதை ஒண்ணு விடாம பண்ணினீங்க."

"அப்போ இந்த ஜாடி?"

"வெறும் சேறு."

அந்துவான் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பழைய ஈஸ்ட் வேற யார்கிட்டயும் இல்லையா?"

குரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சவரிகிட்ட இருக்கும்."

சவரி, டயர் கடையில் வேலை பார்க்கிறவர். நாலு சீடரில் ஒருவராக இருந்தவர். வாய் கொஞ்சம் நீளம். நாலாம் நாள் எடுக்காதீங்க, வேலை முடியட்டும், பிறகு எடுங்க என்று எல்லார் முன்னாலும் குருவிடம் சொன்னார். ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு பானைக்கும் சொன்னார். ஒன்பது வருடம் முன்னால் குரு அவருக்கு வாசலைக் காட்டினார். அந்துவான் அப்போது பக்கத்தில்தான் நின்றார். சவரி சொன்னது சரியோ என்று அவருக்கும் தோன்றியது. பானை கழுவிக்கொண்டிருந்தார், பேசவில்லை.

"அவன் வீட்டுக்குப் போங்க. ஒரு கிளாஸ் குடிச்சுப் பாருங்க," என்றார் குரு.

அந்துவான் மதியமே போனார். சவரி காரணம் கேட்கவில்லை. ஒரு டம்ளர் ஊற்றி வைத்தார். பீர் கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. அந்துவான் ஒரு வாய் குடித்தார். இனிப்பு மருந்துக்கும் இல்லை. சுத்தமான கசப்பு, தொண்டை வரைக்கும். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"முதல் வருஷம் டீச்சர் ஊத்திக் கொடுத்தது இதுதான்."

"இதேதான். நீங்க தொட்டியில கொட்டினீங்கல்ல, அதுல ஒரு பாட்டில் பிடிச்சுக்கிட்டுத்தான் அன்னைக்குக் கிளம்பினேன்."

சவரி குளிர்பெட்டியைத் திறந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"எடுத்துட்டுப் போங்க, அண்ணே. அவங்க மேல எனக்குக் கோபம் இருக்கு. இது மேல இல்ல."

அந்துவானின் கை பாதி தூரம் போய் நின்றது.

"குடிச்சுப் பாக்கத்தான் சொன்னாங்க. வாங்கிட்டு வரச் சொல்லல. ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன், தம்பி."

சவரி பாட்டிலை நீட்டியபடியே நின்றார்.

"ஜாடிக்காக இத்தனை வருஷம் நின்னீங்க. இதுக்கும் கேட்டுட்டுத்தானா?"

"நாளைக்கே வந்துடறேன்."

"வேணாம். அனுமதி வாங்கிட்டு வர்றவருக்கு இங்க ஒண்ணும் இல்ல."

பாட்டிலை உள்ளே வைத்துக் குளிர்பெட்டியைச் சாத்தினார்.

குரு வாசலிலேயே காத்திருந்தார்.

"எப்படி இருந்தது?"

"கசப்பு, டீச்சர். இனிப்பே இல்ல."

குருவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு அந்துவானின் கைகளைப் பார்த்தார்.

"அவன் கொடுக்கலையா?"

"நீட்டினாரு. உங்களைக் கேக்காம எப்படி வாங்கறதுன்னு வந்துட்டேன். இனிமே தரமாட்டாராம்."

குரு உள்ளே போய் ஜாடியின் மூடியைத் திருகித் தொட்டியில் கவிழ்த்தார். பதினெட்டு வருடம் அரை நிமிடத்தில் இறங்கிப் போயிற்று. அந்துவானுக்கு அழுகை வந்தது. அதோடு கோபமும் வந்தது. அந்த வீட்டில் அவருக்குக் கோபம் வந்தது அதுதான் முதல் தடவை.

"சரியாச் சொன்னவரைத் துரத்திட்டு, என்னை மட்டும் ஏன் டீச்சர் பக்கத்துல வச்சிக்கிட்டீங்க?"

குரு குழாயைத் திறந்து ஜாடியைக் கழுவினார். துணியால் துடைத்து, காலி ஜாடியை அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க பத்தே நிமிஷத்துல படிஞ்சிட்டீங்க, அண்ணே."