நெற்றியில் ஒரு விரல்

ஆய்வுக்கூடத்தில் ஓர் எலும்புக்கூடு ஒன்பது நாளாக நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. நிஜ எலும்புக்கூடு இல்லை; கம்ப்யூட்டர் திரையில் எலும்பும் தசையுமாகக் கைகட்டி உட்கார்ந்திருந்த பொம்மை. எந்தத் தசையை எவ்வளவு இழுத்தால் எழலாம் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது, விடைதான் வரவில்லை.

துறைத்தலைவர் கருணாகர பாண்டியன் குதித்தார். "நாளைக்குப் பார்வையாளர்கள் வர்றாங்க! ஆனா என் நிபந்தனையை யாரும் தொடக்கூடாது. முதுகு கம்பீரமா நேரா இருக்கணும், தலை இம்மிகூட முன்னால வரக்கூடாது. பொம்மை எழுந்திருக்கலேன்னா எல்லாருக்கும் வேலை போச்சு!"

"ஒரு விரல் போதும் சார்" என்றாள் செங்கமலம். ஆட்களின் அசைவை அளக்க உடம்பில் சென்சார் ஒட்டுகிற தற்காலிக ஊழியர் அவள்.

"எங்கே, செய் பார்ப்போம்!"

"முதல்ல நீங்க கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க சார். உங்க நிபந்தனைப்படியே எழுந்து காட்டுங்க. பொம்மை பார்த்துக் கத்துக்கட்டும்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். செங்கமலம் அவர் நெற்றியில் ஆள்காட்டி விரலை வைத்தாள். "தலை முன்னால வந்துடக்கூடாது பாருங்க, அதுக்குத்தான்."

முக்கினார், முனகினார். முகம் தக்காளியாய்ச் சிவந்ததே தவிர, உடம்பு எழும்பவில்லை. மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"விரலை எடும்மா!"

"நீங்க நிபந்தனையை எடுங்க சார், நான் விரலை எடுக்கிறேன்."

"அதை எடுத்துத் தொலைங்கடா!"

ஒரு மாணவன் கம்ப்யூட்டரில் அந்த நிபந்தனை எழுதியிருந்த ஒற்றை வரியை அழித்தான். கணக்கு விறுவிறுவென்று முடிந்தது. பொம்மை முன்னால் குனிந்து, ஜம்மென்று எழுந்து நின்றது.

அதற்கப்புறம்தான் செங்கமலம் விரலை எடுத்தாள். துறைத்தலைவரும் எழுந்தார், அவளுக்கு எதிரே நன்றாகக் குனிந்து.