சூரியத் தகட்டுக்குச் சந்தனம்

“தாயே, சூரியன் நம்மளைக் கைவிட்டுட்டார்!”

மலைமடத்துச் சமையல்காரர் பொன்னம்பலம் மூச்சிரைக்க வந்து நின்றார். கழுத்தில் ஆறு ருத்திராட்ச மாலை, நெற்றி நிறையத் திருநீறு.

குரு குயிலம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அவர் அங்கேதானேய்யா இருக்கார்? என்ன விஷயம்?”

“மோட்டார் ஓடலை. தொட்டியில சொட்டுத் தண்ணி இல்லை. விஜயதசமிக் கூட்டம் பாதி மலை ஏறிடுச்சு. எதை வச்சு உலை ஏத்துவேன்?”

“நேத்து ஓடுச்சே?”

“ஆயுத பூஜைக்கு முன்னாடி நல்லாத்தான் ஓடுச்சு. கரண்டி, அரிவாள்மணை, கிரைண்டர், எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். மாடியில இருக்கிற சூரியத் தகட்டை மட்டும் விடலாமா?”

“அதானே.”

“பட்டை பட்டையாச் சந்தனம். ரெண்டு பக்கமும் வாழைக்கன்று. காலையில மோட்டார் முனகுச்சு. பூஜையில குறைன்னு இன்னும் நாலு முழம் சாமந்தி சாத்தினேன்.”

“அப்புறம்?”

“முனகலும் நின்னுபோச்சு.”

குயிலம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு வாளித் தண்ணீரும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். பின்னாலேயே பொன்னம்பலம்.

மாடியில் வெயில் கொளுத்தியது. தகடுகளோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி மாலைக்குள் மறைந்திருந்தன.

“இதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமாய்யா?”

“தெய்வம்.”

“மணல்ல இருந்து எடுத்த சில்லு. வெயில் பட்டா அதுக்குள்ள சும்மா கிடக்கிற மின்துகளெல்லாம் துள்ளி எழுந்து கம்பி வழியா ஓடும். அந்த ஓட்டம்தான் மோட்டாரைச் சுத்துது. சில்லெல்லாம் கைகோத்து நிக்குது. ஒண்ணு நிழல்ல மாட்டினாலும் வரிசையே தள்ளாடும்.”

பொன்னம்பலத்துக்குப் பழைய டீசல் என்ஜின் நினைவு வந்தது. சாம்பிராணியை மிஞ்சிய புகை. அதற்கு எத்தனை மாலை போட்டாலும் ஓடியது.

“அது எண்ணெய் குடிச்சுது தாயே. இதுக்கு என்ன நைவேத்தியம்?”

“வெயில். வேற எதையும் தின்னாது.”

குயிலம்மாள் மாலையைத் தூக்கினார்.

“ஐயோ, சாத்தினதை எடுக்கலாமா?”

“பசியோட ஏறி வர்றவங்ககிட்ட கேட்டுட்டு வாங்க.”

பொன்னம்பலம் வாழைக்கன்றை அவிழ்த்தார். குயிலம்மாள் சந்தனத்தைத் துடைத்தார். கடைசிப் பட்டையும் அழிந்தது.

கீழே கிணற்றடியில் ‘கிர்ர்’ என்றது. குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தொட்டிக்குள் தண்ணீரைக் கொட்டியது.

பொன்னம்பலம் சின்னப் பிள்ளைபோலக் கைதட்டினார். பிறகு, வருஷக்கணக்காகத் தொண்டையில் நின்ற கேள்வியும் வெளியே வந்துவிட்டது.

“தாயே, நானும் விரதம் இருக்கேன், ஜபம் பண்றேன், வருஷத்துக்கு ஒரு மாலை கூட்டிப் போட்டுக்கிறேன். உள்ளே ஒரு வெளிச்சமும் வரலையே. இன்னும் என்ன சேர்த்துக்கணும்?”

குயிலம்மாள் ஈரத்துணியைப் பிழிந்தார். அதை அவர் கையில் வைத்துவிட்டு, உலைக்கு அரிசி களையப் போய்விட்டார்.