குடைப்பனையின் கடைசிப் பழம்

பிள்ளைகளே, இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நடுவில் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால், யார்மேல் குற்றம் என்பதே மாறிப்போகும். அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

கடல் நடுவே ஒரு தீவு. அந்தத் தீவின் காட்டில் குடைப்பனை என்று ஒரு மரம் இருந்தது. அதன் ஓலை ஒவ்வொன்றும் விரித்த குடை அளவு இருக்கும். நம் பனை வருடா வருடம் காய்க்கிறது. குடைப்பனை அப்படி இல்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும். உச்சியில் வெள்ளைக் கொண்டை முடிந்த மாதிரி பூத்து, காய்த்து, பழுத்து, அதோடு பட்டுப்போகும்.

அப்படி ஒரு மரத்தின் ஓலைக்கு அடியில் தாய் வௌவால் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மார்பில் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. மழைக்கும் வெயிலுக்கும் அந்த ஓலைதான் கூரை. அந்த வௌவாலுக்குக் காற்று அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

வௌவால்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பழத்தை மரத்திலேயே தின்பதில்லை. வாயில் கவ்விக்கொண்டு, அலை மோதும் கடல் கால்வாயைத் தாண்டி அக்கரைப் பாறைக்குன்றுக்குப் போகும். அங்கே சதையைத் தின்றுவிட்டு, திரும்பி வரும்போது கொட்டையைக் காடெல்லாம் போடும். போட்ட இடத்தில் கன்று முளைக்கும். அந்தக் காடு அப்படித்தான் வளர்ந்தது.

ஒரு நாள், கரை ஒதுங்கிய படகிலிருந்து எலி ஒன்று தன் குடும்பத்தோடு இறங்கியது. அதற்குப் பழத்தின் சதை வேண்டாம். கொட்டைக்குள் இருக்கும் பருப்புதான் வேண்டும்.

"ஏன் தங்கச்சி, பழத்தைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் போறே?" என்று எலி கேட்டது.

"எங்க வழக்கம் அண்ணே."

"நல்ல வழக்கம்! குன்றுல ஆந்தை வந்திருக்கே, தெரியாதா? கைப்பிள்ளைக்காரி நீ. நினைச்சாலே எனக்கு நெஞ்சு படபடங்குது. பேசாம இங்கேயே தின்னு. கொட்டையைக் கீழே போடு, நான் பொறுக்கிக்கிறேன்."

வௌவால் அதை நம்பிவிட்டது. அன்றிலிருந்து அது மரத்தை விட்டு நகரவில்லை. அதைப் பார்த்து மற்ற வௌவால்களும் நகரவில்லை.

மரங்கள் ஒவ்வொன்றாகப் பூத்தன, பழுத்தன, பட்டுப்போயின. அவற்றின் அடியில் கன்று இல்லை. கொறித்துப்போட்ட ஓடுகள்தான் கிடந்தன. கூரை இழந்த வௌவால்கள் கடலுக்குமேல் பறந்து போயின. ஒன்றும் திரும்பி வரவில்லை.

கடைசியில் தாய் வௌவால் தொங்கிய மரம் மட்டும் நின்றது. அதுவும் பூத்தது.

அந்த மரத்தடியில் வளை வைத்திருந்த நண்டு பதறிக்கொண்டு, நிழலில் தூங்கிக்கொண்டிருந்த ஆமையிடம் ஓடியது. "மாமா, இது போனா இனி மரமே இல்லை. கன்று ஒண்ணுகூடக் காணோம்."

ஆமை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. "மரம் நிக்குதா?"

"நிக்குது."

"நிழல் இருக்கா?"

"இருக்கு மாமா, ஆனா..."

"அப்புறம் ஏன் என்னை எழுப்பினே?" என்று ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

பழங்கள் உதிர்ந்தன. நண்டு புதைத்த கொட்டைகளை எல்லாம் எலி தோண்டித் தின்றது. குலையில் ஒரே ஒரு பழம் மிஞ்சியது, வௌவாலின் முகத்துக்கு நேராக.

நண்டு மரத்தடிக்கு வந்து அண்ணாந்து கூப்பிட்டது. "தங்கச்சி, இதைக் குன்றுக்குக் கொண்டுபோய்ப் போட்டுடு. கால்வாயை எலியால தாண்ட முடியாது. உன் பிள்ளைக்குக் கூரை வேணுமில்லையா?"

"அங்கே ஆந்தை இருக்கே அக்கா!"

"நீ பார்த்தியா?"

"இல்லை. எலியண்ணன் சொன்னாரு."

"அவன் எப்படிப் பார்த்தான்? அவன்தான் கால்வாயைத் தாண்டினதே இல்லையே!"

வௌவால் யோசித்தது. பழத்தைக் கவ்விச் சிறகை விரித்தது. கால்வாய்வரை பறந்தும் விட்டது.

பின்னாலிருந்து எலி கத்தியது. "போ தாயி, போ! நான் தடுக்கலை. பிள்ளை போச்சுன்னா மட்டும் என்கிட்ட வந்து அழாதே!"

வௌவாலின் மார்பில் குட்டி அசைந்தது. குன்று எதிரே தெரிந்தது. அங்கே ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியே அதற்குப் பயமாக இருந்தது.

அது திரும்பிவிட்டது.

பழைய ஓலைக்கு அடியில் வந்து தொங்கி, பழத்தை அங்கேயே தின்றது. கொட்டை கீழே விழுந்தது. ஓடு உடையும் சத்தம் கேட்டது.

"சரி," என்றது நண்டு. தன் வளைக்குள் போய்விட்டது.

வெயில் ஏற ஏற ஓலைகள் காய்ந்து விழத் தொடங்கின. வௌவால் ஓலைக்கு ஓலை மாறியது. கடைசி ஓலையும் விழுந்த பிறகு மொட்டை மரத்தின் உச்சியைப் பற்றிக்கொண்டது. கண்ணை இறுக மூடிக் குட்டியைச் சிறகால் சுற்றிப் பொத்திக்கொண்டது.

"பயப்படாதே கண்ணு, நாம எங்கேயும் போகலை," என்றது.

நீதி: பயத்துக்குப் பணிந்து இன்று ஒதுங்கி நிற்பவருக்கு, நாளை ஒதுங்க நிழல் இருக்காது.