ஏகாம்பரத்தின் வெள்ளரிப் பாத்தி

ஏகாம்பரத்துக்கு அது மூன்றாவது ஆசிரமம். பாத்தியில் போட்டதும் மூன்றாவது விதை.

முதலில் நாட்டு வெள்ளரி போட்டார். பிஞ்சிலேயே பழ ஈ குத்தியது. பிடுங்கிவிட்டு வெள்ளைக் குட்டை ரகம் வைத்தார். அதையும் குத்தியது. பூச்சியே அண்டாது என்று கடைக்காரன் சத்தியம் பண்ணிக் கொடுத்த ஒட்டு ரகம், இன்று காலை கோணல் கோணலாய்க் காய்த்துக் கிடந்தது. அறுத்தால் உள்ளே புழு.

ஐம்பத்திரண்டு வயது இடுப்பு, குனிந்தால் நிமிர மாட்டேன் என்றது. சொத்தைக் காய்களைப் பொறுக்கி, உரமாகட்டும் என்று வழக்கம்போலக் கொடியின் தூரிலேயே புதைத்தார். கையைக்கூடக் கழுவாமல் குருவிடம் போய் நின்றார்.

குரு மங்களநாயகி அவரைவிடப் பத்து வயது இளையவர். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“உத்தரவு கொடுங்கம்மா. கிளம்பறேன்.”

“எங்கே?”

“ஆத்துக்கு அக்கரையில ஒரு மடம் இருக்காம். அங்கே இந்த ஈத் தொல்லையும் இல்லையாம்.”

“ஈக்காகவா போறீங்க?”

“மனசு அடங்கலைம்மா. இதுதான் கடைசி இடம்னு வந்தேன். இங்கேயும் யாரும் என்னை ஒரு ஆளா மதிக்கிறதில்லை. ரெண்டாவது இடத்துல ஓயாம பஜனை. முதல் இடத்துல சமையல்காரன் சாமிக்கண்ணு, ‘உனக்கெல்லாம் ரெண்டாம் தடவை குழம்பு ஒரு கேடா’ன்னான். கரண்டியை ஆட்டிக்கிட்டே சொன்னான்.”

“எப்போ?”

“பதினோரு வருஷம் ஆச்சு.”

குரு உள்ளே போய் ஒரு கண்ணாடி ஜாடி கொண்டுவந்தார்.

“இதுல கொஞ்சம் மண் போடுங்க. புதைச்ச காயில ஒண்ணைத் தோண்டி உள்ளே வைங்க. வாயைத் துணியால இறுக்கிக் கட்டுங்க. மூணு வாரம் கழிச்சுப் போகலாம்.”

“காயை வச்சு என்னம்மா பண்றது? ஈ வேலிக்கு அந்தாண்டையிருந்துல்ல வருது!”

“வைங்களேன்.”

மூன்று வாரமும் அவர் சொத்தைகளைத் தூரிலேயே புதைத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டாம் நாள் காலை, ஜாடிக்குள் எட்டு ஈக்கள் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தன.

முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அவிழவில்லை. ஜாடியைப் பார்த்தார். பிறகு பாத்தியைப் பார்த்தார். தூருக்குத் தூர் அவர் கையால் தட்டி வைத்த மண்மேடு.

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

குரு வந்து பக்கத்தில் நின்றார்.

“சொத்தையை வேற எங்கேதான் போடறது?” என்றார் ஏகாம்பரம்.

“வாளித் தண்ணியில அமுக்கி வைங்க. புழு செத்துப்போகும்.”



“அப்போ நான் அக்கரைக்குப் போகவாம்மா?”

“தாராளமாப் போங்க. அங்கே சாமிக்கண்ணுவை எந்தத் தூர்ல புதைப்பீங்க?”