மழைக்குக் கை பழக்கியவள்

அந்தக் காலத்தில் மழைக்குப் பெய்யத் தெரியாது. நம்ப மாட்டீர்கள், ஆனால் அப்படித்தான். மரம் பேசும், மாடு பேசும், மேகமும் பேசும். பேச்சில் ஒருவருக்கும் குறைச்சல் இல்லை, வேலைதான் எல்லாருக்கும் ஒழுங்காக வரவில்லை. மேகம் வருஷத்துக்கு ஒரு தடவை வரும். ஏதாவது ஓர் ஊருக்கு மேலே நின்று ஒரு பகல் முழுக்க முக்கி முனகும். பொழுது சாய்வதற்குள், சுமந்து வந்த தண்ணீர் அத்தனையையும் ஒரே கட்டியாகப் போட்டுவிட்டுப் போய்விடும். தூறல், சாரல் என்ற பேச்செல்லாம் அப்போது ஏது? விழுந்த இடத்தில் ஊர் இருக்காது, குளம்தான் இருக்கும். அந்தக் குளத்தை நம்பித்தான் சுற்றியிருக்கிற ஊர்கள் அந்த வருஷம் பிழைக்கும். அதனால் ஜனங்கள் மேகம் வராவிட்டாலும் அழுவார்கள், வந்தாலும் அழுவார்கள்.

அந்த வருஷம் அது வந்து நின்றது கரும்பாறை என்கிற ஊருக்கு மேலே.

விடிந்து பார்த்ததுமே ஊர் மொத்தமும் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மலையேறத் தொடங்கியது. ஆடுமாடுகள் யாருக்கும் சொல்லாமல் முன்னாலேயே போய்விட்டன. போகாமல் நின்றவள் தும்பை. அவள் மத்தளக்காரி. அறுவடையானாலும் கல்யாணமானாலும் அவள் மத்தளம் ஒலிக்காமல் அந்த ஊரில் ஒன்றும் நடக்காது. அவளுடைய அக்கா மருதாயிக்கு முந்தின நாள்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது. ரத்தமெல்லாம் போய், பழந்துணி மாதிரிக் கிடந்தாள். மலையேற்றினால் பாதி வழியிலேயே உயிர் பிரிந்துவிடும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். உப்பு வாங்கப் போன அக்காள் புருஷன் இன்னும் ஊர் திரும்பவில்லை.

ஊரார் தும்பையைக் கெஞ்சிப் பார்த்தார்கள். பிள்ளையையாவது எடுத்துக்கொண்டு வா என்றார்கள். தாயை விட்டுப் பிரித்த பச்சை மண்ணை நான் என்ன கொடுத்து வளர்ப்பேன் என்று அவள் கேட்டாள். கெஞ்சியவர்கள் பிறகு ஏசினார்கள். ஏசியபடியே மலையேறினார்கள். மேலே மேகம், காதில் ஊர்க்காரர் ஏச்சு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அன்றைக்கு அது மத்தளக்காரிக்கும் பொருந்தியது.

ஊர் காலியானதும் தும்பை மத்தளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, குடிசைக்கு எதிரே இருந்த பெரிய பாறைக்குப் போனாள். ஐந்து மாத வெயில் குடித்த பாறை அது. மேகம் மறைத்த பிறகும் கால் வைக்க முடியாமல் கொதித்தது. ஒரு கோணியை விரித்து அதன்மேல் ஏறி நின்று அண்ணாந்து பார்த்தாள். அம்மாடி, அவள் கண்ட காட்சியை என்னவென்று சொல்வது! வானம் என்று ஒன்று இருந்த சுவடே இல்லை. சினை எருமையின் வயிறு போல ஒரு கருமை, மலைக்கு மலை தொங்கியது. அதற்குள்ளே தண்ணீர் புரளுகிற சத்தம் கேட்டது. இத்தனை பெரியதன் கீழே இத்தனை சிறியவளாக நிற்கிறோமே என்று பயந்தாள். ஆனாலும் கையைக் கூப்பிக்கொண்டு, இங்கே ஒரு பச்சை உடம்புக்காரி கிடக்கிறாள், கொஞ்சம் தள்ளிப் போய் அந்தப் பொட்டலில் இறக்கிவிடக் கூடாதா என்று கேட்டாள்.

தன்னால் ஒரு முழம்கூட நகர முடியாது, பாரம் அப்படி அழுத்துகிறது என்றது மேகம்.

அதுவரை மேகத்தைப் பொல்லாதது என்றுதான் தும்பை நினைத்திருந்தாள். அதன் குரலைக் கேட்டபோதுதான் தெரிந்தது, பாவம், அது பயந்து போயிருந்தது. "கொஞ்சம் கொஞ்சமாகப் போடத்தான் நானும் பார்க்கிறேன், பெண்ணே. விட்டால் நான் தீர்ந்துபோய்விடுவேனே என்று இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். பிடி தளரும்போது எல்லாம் மொத்தமாகப் போய்விடுகிறது."

இது தனக்குத் தெரிந்த நோவு என்று தும்பைக்குப் பட்டது. மத்தளத்தில் முதன்முதலாகக் கை வைக்கிற எல்லாருக்கும் இருக்கிற நோவுதான். தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் இறுக்கிக்கொண்டு மொத்து மொத்தென்று மொத்துவார்கள். இதற்கு வழி நான் காட்டுகிறேன் என்று அவள் மத்தளத்தை நிமிர்த்தினாள்.

இங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். கைக்காரர்களுக்கே உரிய தப்பு. எடுத்த எடுப்பில் தன்னுடைய அதிவேகத்தைக் காட்டிவிட்டாள். விரல் எங்கே, தோல் எங்கே என்று பிரித்துப் பார்க்க முடியாத வேகம். பயத்தில் செய்தாள் என்று சொல்லலாம். கொஞ்சம் பெருமையிலும்தான் செய்தாள், நமக்குள் என்ன மறைப்பு. மேகம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. கேட்டுவிட்டு, அதே வேகத்தில் தானும் போட்டுப் பார்த்தது.

ஒரு வீடு அளவுக்குத் தண்ணீர்க் கட்டி கீழே வந்தது. பாறைக்குப் பக்கத்தில் நூறு வருஷமாக நின்ற இலுப்பை மரம் சுக்குநூறாகிப் போனது. தெறித்த சிராய் ஒன்று மத்தளத்தின் வலப்பக்கத் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிற்று. தண்ணீர் புரண்டு மருதாயி கிடந்த குடிசையின் வாசற்படி வரைக்கும் ஏறி, அப்புறம் மனமில்லாமல் வடிந்தது. உள்ளேயிருந்து குழந்தை வீரிட்டது. அந்த ஒரு கட்டியே இப்படி என்றால், மிச்சம் அத்தனையும் இன்னும் தலைக்கு மேலேதான் இருந்தது.

தும்பை கோணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தான் கற்றுக்கொண்ட காலம் அவளுக்கு நினைவு வந்தது. முதல் நாளே வேகத்துக்கு ஆசைப்பட்டு, மணிக்கட்டு வீங்கி, மூன்று மாதம் சோற்று உருண்டையைக்கூட வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் கிடந்தவள்தானே அவள். தான் பட்டதை மறந்துவிட்டு, பாவப்பட்ட மேகத்துக்கும் அதையே காட்டியிருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு எழுந்தாள். மத்தளத்தில் இடப்பக்கம் மட்டும்தான் மிச்சம். அதில் வேகம் காட்ட முடியாது, அது ஆழமாகப் பேசுகிற பக்கம். உள்ளங்கையால் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். தொம் என்றது. கையை மேலே எழும்ப விட்டு, அந்தச் சத்தம் மலையில் மோதித் தேய்ந்து அடங்கும்வரை காத்திருந்தாள். அடங்கிய பிறகு இன்னொன்று.

"என் கையைப் பார்," என்றாள். "நான் அதைத் தூக்கவில்லை. தட்டிவிட்டு விட்டுவிடுகிறேன். தோல்தான் அதை எனக்குத் திருப்பித் தருகிறது. அழுத்திப் பிடித்தால் சத்தமும் செத்துப்போகும், கையும் திரும்பாது."

"எனக்கு யார் திருப்பித் தருவார்கள்?" என்று கேட்டது மேகம்.

"எனக்கும் தெரியாது. ஒன்றே ஒன்று விட்டுப் பார்," என்றாள் தும்பை.

தொம். மேகம் பூசணிக்காய் அளவுக்கு ஒன்றைப் போட்டது. இன்னும் சின்னதாக என்றாள். தொம். தேங்காய் அளவுக்கு வந்தது. எலுமிச்சை அளவுக்கு வந்தது. கடைசியில், வெகுநேரம் தயங்கி நின்று, ஒரே ஒரு துளி வந்தது. உலகத்தின் முதல் துளி அதுதான். அத்தனை தண்ணீருக்கும் சூடு ஆறாமல் கொதிக்கிற பாறையில் அது விழுந்ததும் சுர்ரென்றது. விழுந்த இடத்திலிருந்து நூல் போல வெள்ளையாக ஆவி கிளம்பியது. தும்பையின் முகத்துக்கு நேராக ஏறி, குடிசைக் கூரைக்கு மேலே ஏறி, இன்னும் மேலே போய், மேகத்தின் வயிற்றைத் தொட்டு அதற்குள்ளே கலந்தது.

தும்பை தட்டத் தூக்கிய கையை அப்படியே நிறுத்திவிட்டாள். காற்றுகூட அசையவில்லை.

"அது நானா?" என்றது மேகம்.

"நீதான்," என்றாள் தும்பை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்புறம் மேகம் எதையும் கேட்கவில்லை. தும்பை தட்டினாள், அது ஒரு துளி போட்டது. தட்டுக்கு ஒன்று போட்டது தட்டுக்கு இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. அவசரப்பட்டுக் கட்டியாக வரும்போதெல்லாம் அவள் கையை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து ஒற்றைத் தட்டுக்கு வந்தாள். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். எத்தனை தடவை அப்படித் திரும்பினாள் என்று எண்ண அங்கே யாரும் இல்லை. உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது, தட்டுகிற இடமெல்லாம் சிவந்துவிட்டது. பிற்பகல் தேயும்போது, அவள் பத்து விரலுக்கும் எட்டாத வேகத்தில், ஆயிரம் கை சேர்ந்து வாசிக்கிற மாதிரி, வானம் முழுக்க மழை இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கீற்று ஓலைகூடக் கலையவில்லை. அவள் கையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள். தான் வாசிப்பதை நிறுத்தி வெகுநேரம் ஆகிவிட்டது என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மலைமேல் இருந்தவர்கள் நனைந்துகொண்டே நின்றார்கள். மழை வந்தால் ஒதுங்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? வாயைத் திறந்து குடித்தார்கள், சிரித்தார்கள், சிலர் விழுந்து கும்பிட்டார்கள். குடிசையில் மருதாயி தட்டுத்தடுமாறிக் கையை வாசலுக்கு வெளியே நீட்டி, விழுந்த ஒரு துளியைக் கொண்டுவந்து குழந்தையின் நெற்றியில் வைத்தாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கண்ணைச் சிமிட்டியது.

இப்போதும் ஏதாவது ஒரு வருஷம் பழைய பயம் வந்து மேகம் மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. பழகின கையும் ஒரு நாள் தவறும் இல்லையா? மற்றபடி பாடத்தை அது மறக்கவில்லை. அன்று முதல்தான் மத்தளம் பழகுகிறவர்கள் எத்தனை பெரிய கைக்காரர்களானாலும் ஒற்றைத் தட்டில் தொடங்கிப் பிறகு வேகம் கூட்டுகிறார்கள். அன்று முதல்தான் மழையும் காய்ந்த மண்ணில் முதலில் ஒன்றிரண்டு துளி போட்டுவிட்டு, போட்டது திரும்பி வருகிறதா என்று சற்று நின்று பார்க்கிறது.