பலகைக் கல்

காவல்துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்த குற்றாலிங்கம், ஓய்வு பெற்ற பிறகு சங்கரவடிவிடம் சீடராகச் சேர்ந்தார். தூத்துக்குடிக்கு வடக்கே, கடற்கரையில் ஓலைக்குடிசை போட்டுத் தனியாக இருந்தவள் அவள். அவரைவிட இருபது வயது இளையவள்.

சேர்ந்தாரே ஒழிய நம்பவில்லை. போலிச் சாமியார்கள் மூன்று பேரைக் கைது செய்தவர் அவர். இவள் எப்போது அகப்படுவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

குடிசையில் படமோ விளக்கோ இல்லை. தினமும் நீர் வற்றும் நேரத்தில் அவள் கடலுக்குள் நடந்துபோவாள். ஓரிடத்தில் தலையை நீருக்குள் விட்டும் எடுத்தும் நெடுநேரம் எதையோ பார்ப்பாள். நிமிர்ந்து கைகூப்பிவிட்டுத் திரும்புவாள். ஏன் போகிறீர்கள் என்று பலமுறை கேட்டிருக்கிறார். கும்பிடப் போவதாகச் சொல்வாள், அவ்வளவுதான்.

அங்கே எதையோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. சிலையாக இருக்கலாம். கடத்தல் சரக்காகவும் இருக்கலாம்.

ஒருநாள் அவள் உப்பு வாங்கக் கடைக்குப் போனதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். அவள் வழக்கமாகக் குனியும் இடத்தில், முழங்கால் ஆழத்தில் ஒரு பலகைக் கல் கிடந்தது. சின்னக் கற்கள் அதைத் தாங்கியிருந்தன. ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார். தாங்கிய கற்கள் உருண்டு ஓடின.

உள்ளே ஆக்டோபஸ் என்கிற பேய்க்கணவாய் ஒன்று இருந்தது. எட்டுக் கையும் மெலிந்து, நிறம் வெளிறி. அவரைப் பார்த்தும் அது ஓடவில்லை. கல்லின் அடிப்பக்கத்தில் சரம் சரமாக முட்டைகள் தொங்கின. அரிசி மணி அளவுதான். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கரும்புள்ளிகள் அசைந்தன.

கண்கள் என்று அவருக்குப் புரியச் சற்று நேரமானது.

கல்லை விட்டால் தாயும் முட்டையும் நசுங்கும். ஒரு கையை எடுத்தாலும் கல் சரிந்தது. நீர் ஏறத் தொடங்கியது. அலை ஒவ்வொன்றும் கல்லைத் தள்ள, அவர் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றார். கணவாய் ஒரு கையை நீட்டி அவர் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி முட்டைகளின் மேல் நீரை ஊதத் தொடங்கியது.

சங்கரவடிவு வந்தபோது தண்ணீர் அவர் இடுப்புக்கு ஏறியிருந்தது. அவள் கேட்குமுன் அவராகவே சொன்னார்.

"நீங்க என்ன ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு பார்க்க வந்தேன்."

"பார்த்தீங்களா?"

"இதையா கும்பிடுறீங்க?"

முட்டையிட்ட நாளிலிருந்து அது இரை எடுக்கவில்லை என்றாள் அவள். குஞ்சுகள் வெளியேறியதும் செத்துப்போகும் என்றாள்.

"யார் சொன்னது? பொய்யா இருக்கலாம்ல?"

"இருக்கலாம்."

அவருக்குக் கோபம் வந்தது. தோள்கள் வலியில் நடுங்கின.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. இது சாமியா, இல்ல வெறும் கணவாயா?"

"பேச வேண்டிய விஷயந்தான்யா. கல்லை விட்டுட்டு வாங்க. கரையில உக்காந்து பேசுவோம்."

குற்றாலிங்கம் கல்லை விடவில்லை.